அதற்கு முன்னால் என்ன நடந்தது?

பாய்மரப் படகில் கிளம்பக் காத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள படகுக்கார நண்பர்களே,

லங்காவித் தீவின் குவா துறையில் நங்கூரம் போட்டுவிட்டு, படகுக்குள் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். காலடியில் தரைப்பலகையைத் திறந்து வைத்திருக்கிறேன். எஞ்சினிலிருந்து புரொப்பெல்லருக்குப் போகும் ஷாஃப்ட், படகின் உடலைத் துளைத்துக்கொண்டு கடலுக்குள் இறங்குகிற இடத்தில் ஒரு கிளாண்ட் இருக்கிறது. அதற்குக் கீழே நேற்று ராத்திரி ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்தேன். காலையில் பார்த்தபோது டம்ளர் காய்ந்து கிடந்தது. இந்தக் காய்ந்த டம்ளரைப் பார்க்க எனக்கு நாலு மாதம் ஆனது. படகை இரண்டு முறை கரையேற்ற வேண்டியிருந்தது. என் கர்வமும் கொஞ்சம் கரைந்தது.

நீங்கள் சிங்கப்பூரிலோ ஜோகூரிலோ பினாங்கிலோ சென்னையிலோ இருப்பவர்கள். பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கிப் போட்டு, லீவு கிடைத்தபோதெல்லாம் அதைத் தேய்த்துப் பெயின்ட் அடித்துக்கொண்டிருப்பவர்கள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேள்வி கேட்பீர்கள். எந்தப் பாய் நல்லது, எந்த மாதம் கிளம்பலாம், கொள்ளைக்காரர் பயம் உண்டா, ஆட்டத்தில் எப்படிச் சமைப்பது. எஞ்சின் நடுவழியில் மக்கர் செய்தால் மொழி தெரியாத ஊரில் யாரிடம் போய், என்ன சொல்லி, எப்படிச் சரிசெய்வது என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. ஆனால் முதல் வருஷத்தில் நீங்கள் கோயிலையும் கடற்கரையையும்விட லேத் பட்டறைகளைத்தான் அதிகம் பார்க்கப்போகிறீர்கள். அதனால் கேட்காமலேயே சொல்கிறேன்.

பழுது வரும். நல்ல படகுக்கும் வரும், தேர்ந்த கைகளுக்கும் வரும். இந்தியக் கடற்படையின் ஆறு பெண் அதிகாரிகள் ‘தாரிணி’ என்ற பாய்மரப் படகில் 2017 செப்டம்பர் 10 அன்று கோவாவிலிருந்து உலகைச் சுற்றக் கிளம்பினார்கள். ஃபிரிமான்டில், லிட்டல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் ஆகிய நான்கு துறைகளில் நிற்பதாகத் திட்டம். கேப் ஹார்னைச் சுற்றிவந்து, பயங்கரமான தென்கடல்களையெல்லாம் தாண்டியபின், வீடு திரும்பும் வழியில் சுக்கானை இயக்கும் கருவி கெட்டது. பட்டியலில் இல்லாத போர்ட் லூயிக்குள், மொரிஷியஸ் தீவில், 2018 ஏப்ரலில் நுழைந்து சரிசெய்துகொண்டு, மே 21 அன்று கோவா வந்து சேர்ந்தார்கள். ஒரு கடற்படையே பின்னால் நிற்கிற புதுப் படகின் கதை இது. நம்முடையவை நாற்பது வயதுப் படகுகள்.

இனி என் கதை. எங்கள் படகு 33 அடி நீளம், இங்கிலாந்தில் 1980களில் கட்டியது. நானும் என் மனைவியும் சிங்கப்பூரிலிருந்து மலாக்கா நீரிணை வழியாக லங்காவிக்கு வந்தோம். ஏறத்தாழ 400 கடல் மைல். இந்த நீரிணையில் முழு வழியும் பாய் விரித்தே போகலாம் என்று கனவு காணாதீர்கள். பாதி நாள் காற்றே இருக்காது. தென்மேற்குப் பருவத்தில், விடிவதற்கு முன் ‘சுமாத்ரா’ என்று பேர் வாங்கிய சூறைக்காற்று இடிமின்னலோடு வந்து உலுக்கிவிட்டுப் போகும். மற்ற நேரமெல்லாம் எஞ்சின்தான். ஒரு பக்கம் பெரிய கப்பல்கள் கூட்ஸ் வண்டி மாதிரி வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். அவற்றுக்கு ஒதுங்கிக் கரைப்பக்கம் வந்தால் மீன்வலை, மிதக்கும் மரக்கட்டை, அறுந்து அலையும் கயிறு.

பாங்கோரைத் தாண்டிப் பினாங்கை நோக்கி வந்துகொண்டிருந்த ஒரு ராத்திரி, கீழே ‘டொக்’கென்று ஒரு சத்தம். படகு முழுக்க ஓர் உதறல் உதறி எஞ்சின் நின்றுபோனது. விடிந்ததும் முகக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கிப் பார்த்தேன். புரொப்பெல்லருக்கு முன்னால் ஷாஃப்டைச் சுற்றி நீல நிறப் பிளாஸ்டிக் கயிறு. சுற்றிய சூட்டில் உருகி, ஆறி, கைமுஷ்டி அளவுக்குக் கட்டியாக இறுகிக் கிடந்தது. பல் வைத்த ரொட்டிக் கத்தியால், மூச்சுப் பிடித்து மூச்சுப் பிடித்து அறுத்தெடுக்க ஒரு மணி நேரம் ஆனது. ஏறிவந்து எஞ்சினைப் போட்டேன், ஓடியது. தப்பித்தோம் என்று ஆளுக்கொரு காபி குடித்தோம். படகு நாட்குறிப்பில் ஒரு வரி எழுதினேன்: ‘கயிறு சுற்றியது, அறுத்தாயிற்று.’

பத்து நாள் கழித்து, லங்காவியில், படகின் அடிவயிற்றில் தண்ணீர் நின்றது. தொட்டு நாக்கில் வைத்தால் உப்பு. குடிதண்ணீர்த் தொட்டி ஒழுகினால் நிம்மதி. உப்புக் கரித்தால் கடல் உள்ளே வருகிறது என்று அர்த்தம். டார்ச் அடித்துத் தேடியதில், கிளாண்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

கிளாண்ட் ஒன்றும் பெரிய ரகசியமில்லை, தண்ணீர் இறைக்கும் பம்புசெட்டில் இருப்பதுதான். ஷாஃப்டைச் சுற்றிக் கிரீஸ் தோய்த்த கயிறு இரண்டு மூன்று வளையம், அதை நெருக்கிப் பிடிக்கிற ஒரு பெரிய நட்டு. ஷாஃப்ட் சுற்றும்போது நிமிஷத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விழ வேண்டும். அந்தத் தண்ணீர்தான் அதைக் குளிர்விக்கிறது. ஒரு சொட்டும் விழாதபடி இறுக்கினால் கயிறு கருகும், ஷாஃப்டில் பள்ளம் விழும். எஞ்சினை நிறுத்தினால் சொட்டு நிற்க வேண்டும். எங்களுடையது நிற்கவில்லை.

ஒரு மெக்கானிக்கைப் பிடித்தேன். மலாய்க்காரர், என்னைவிட இருபது வயது இளையவர். அவர் படகில் கால் வைப்பதற்குள் நானே தீர்ப்பைச் சொல்லிவிட்டேன்: “கிளாண்ட் கயிறு தேய்ந்துவிட்டது, புதுசு போட்டுக் கொடுங்கள்.” அவர் ஷாஃப்டை ஒரு பார்வை பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார், போட்டுக் கொடுத்தார். சுத்தமான வேலை. மூன்று நாள் டம்ளர் காய்ந்து கிடந்தது. நாலாம் நாள் நிறைந்தது. ‘வேலை சரியில்லை’ என்று பக்கத்துப் படகுக்காரரிடம் அவரைப் பற்றிக் குறை சொன்னேன். பக்கத்துப் படகுக்காரர் நாலு கடல் பார்த்தவர். “கயிறு இல்லை, உன் கட்லெஸ் பேரிங் போயிருக்கும்” என்றார். படகுக்கு வெளியே, புரொப்பெல்லருக்கு முன்னால் ஷாஃப்டைத் தாங்குகிற பித்தளைக் குழாய் அது. உள்ளே ரப்பர் பூசியிருக்கும். அதை மாற்ற வேண்டுமென்றால் படகைத் தண்ணீரிலிருந்து தூக்க வேண்டும். தூக்கினோம். அந்த இடத்திலும் நானே தீர்ப்பை எழுதிக் கொடுத்தேன். பேரிங்கை மாற்றினார்கள், பில்லைக் கொடுத்தார்கள். தண்ணீரில் இறக்கி ஒரு வாரத்தில் டம்ளர் மறுபடி நிறைந்தது.

அப்போதுதான் எல்லைக்கு அந்தப் பக்கம், தாய்லாந்தின் சதுன் மாகாணத்தில், ஆற்றோரத்தில் இருக்கும் ஒரு யார்டைப் பற்றிக் கேள்விப்பட்டேன். ஓதம் ஏறும் நேரம் பார்த்து ஆற்றுக்குள் நுழைய வேண்டும். இருபுறமும் அலையாத்திக் காடு. தண்டவாளத்தின் மேல் ஒரு தொட்டில் இருக்கும். அதை ஆற்றுக்குள் இறக்கி, படகை அதில் உட்காரவைத்து, வின்ச் போட்டு மேலே இழுப்பார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு மீன்பிடிப் படகு, பின்னால் ஒரு மீன்பிடிப் படகு. நடுவில் எங்கள் வெள்ளைப் படகு, கல்யாண வீட்டில் தவறிப்போய்ச் சமையற்கட்டுக்குள் நுழைந்த மாப்பிள்ளைத் தோழன் மாதிரி நின்றது.

அன்று சாயங்காலம் அறுபதைத் தாண்டிய ஒரு மெக்கானிக் வந்தார். அந்தப் பக்கத்துப் பெரியவர்களில் சிலருக்கு மலாய் தெரியும். எனக்குச் சிங்கப்பூர்ச் சந்தை மலாய் தெரியும். நான் வழக்கம்போல ‘கிளாண்ட், பேரிங்’ என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். ஒன்றே ஒன்று கேட்டார்.

“செபெலும் து, அபா ஜாடி?”

அதற்கு முன்னால் என்ன நடந்தது?

நாலு மாதமாக யாரும் கேட்காத கேள்வி. சரியாகச் சொன்னால், நான் யாரையும் கேட்கவிடாத கேள்வி.

கயிறு சுற்றியதைச் சொன்னேன். எஞ்சின் மெதுவாக இறங்கி நின்றதா, ஒரே அடியில் நின்றதா என்று கேட்டார். உள்ளங்கையில் முஷ்டியால் குத்திக் காட்டினேன். தலையாட்டிக்கொண்டே பையிலிருந்து ஒரு சாக்குக்கட்டித் துண்டை எடுத்தார். ஷாஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து, அதன்மேல் சாக்குக்கட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டார். சாக்குக்கட்டியின் நுனிக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. புரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றச் சொன்னார். ஷாஃப்ட் நேராக இருந்தால் சாக்குக்கட்டி எங்கும் தொடக் கூடாது. தொட்டாலும் முழு வளையமாகத் தொட வேண்டும். எங்கள் ஷாஃப்டில் ஒரே பக்கம், கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி சுற்றினேன். அதே இடம், அதே கோடு. அவர் ஒன்றும் பேசவில்லை. கோட்டை ஒருமுறை விரலால் தொட்டுக் காட்டிவிட்டுச் சிகரெட் பற்றவைத்தார்.

கயிறு இறுகி எஞ்சினை நிறுத்திய அந்த ஒரு நொடியில் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத வளைவு. வளைந்த ஷாஃப்ட் சுற்றச் சுற்ற, புதுக் கிளாண்ட் கயிறு போட்டால் கயிற்றைத் தின்னும். புதுப் பேரிங் போட்டால் பேரிங்கைத் தின்னும். முதல் மெக்கானிக் போட்ட கயிற்றிலும் குற்றமில்லை, அடுத்த இடத்தில் மாற்றிய பேரிங்கிலும் குற்றமில்லை. நான் கேட்டதை அவர்கள் செய்தார்கள். நான் கேட்டதுதான் தப்பு.

நண்பர்களே, நான் சொல்ல வந்தது இதுதான். வெளியூர்ப் பட்டறையில் மருந்துச் சீட்டை நீங்கள் எழுதாதீர்கள். டாக்டரிடம் போய் ‘இந்த மாத்திரையைக் கொடுங்கள்’ என்று அடம்பிடிக்கிறவருக்கு மாத்திரை கிடைத்துவிடும், குணம் கிடைக்காது. எப்போது ஆரம்பித்தது, என்ன சத்தம், எந்த வேகத்தில் அதிர்கிறது, எஞ்சின் சூடாக இருக்கும்போதா ஆறிய பிறகா, அதற்கு முன்னால் படகு எதிலாவது தட்டியதா, யாராவது எதையாவது கழற்றினார்களா: இதைச் சொல்வது நம் வேலை. அதிலிருந்து பழுதைப் பிடிப்பது அவர்கள் வேலை.

சொந்த ஊரில் இது பெரிய விஷயமாகத் தெரியாது. உங்கள் காரைப் பார்க்கிற மெக்கானிக்குக்குப் போன வருஷம் எதை மாற்றினார் என்பது ஞாபகம் இருக்கும். தூத்துக்குடியில் தோணி கட்டிய ஓடாவிக்கு அந்தத் தோணியின் ஒவ்வொரு பலகையும் தெரியும். பழுதென்றால் அவர் கைக்கே திரும்பி வரும். துறைவிட்டுத் துறை போகிற படகுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒவ்வொரு ஊரிலும் புது ஆள், புதுக் கை. கட்டியவர் யாரென்றே தெரியாது. படகின் பழைய கதை தெரிந்த ஒரே ஆள் நீங்கள். நீங்களும் அதை ‘கயிறு சுற்றியது, அறுத்தாயிற்று’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டால், அந்தக் கதை அங்கேயே செத்துப்போகும்.

ஆகவே ஒரு நோட்டு போடுங்கள். மொபைலில் வேண்டாம், அது ஒருநாள் கடலில் விழும். எஞ்சின் ஓடிய மணிக்கணக்கு, எந்த மணிக்கணக்கில் எது கெட்டது, யார் எதைத் தொட்டார், கழற்றியபோது எப்படி இருந்தது, எல்லாம் எழுதுங்கள். முக்கியமாக அளவுகளை எழுதுங்கள்.

அளவு என்றால் என்ன என்பதைச் சதுனில்தான் கற்றேன். பெரியவர் காலிப்பர் வைத்து எங்கள் ஷாஃப்டை அளந்தார். 25.4 மில்லிமீட்டர். அதாவது ஒரு அங்குலம், இங்கிலாந்துப் படகு. பட்டறையில் இருந்த கம்பியெல்லாம் 25 மில்லிமீட்டர். வித்தியாசம் 0.4 மில்லிமீட்டர், நாலு தாள் கனம். அதனால் என்ன என்று நினைத்தேன். அங்குலப் பேரிங்குக்குள் மில்லிமீட்டர் ஷாஃப்டைப் போட்டால் முதல் நாளிலிருந்தே ஆட்டம் என்று சைகையில் ஆட்டிக் காட்டினார். அந்த 0.4 மில்லிமீட்டருக்காக, சரியான அங்குலக் கம்பி 316 தர எவர்சில்வரில் வந்து சேரும்வரை இரண்டு வாரம் காத்திருந்தோம். நோட்டில் அளவு இருந்திருந்தால் லங்காவியிலிருந்தே சொல்லி வைத்திருக்கலாம்.

குழாய் மரையும் இப்படித்தான். அமெரிக்க மரையும் பிரிட்டிஷ் மரையும் அரை அங்குலக் குழாயில் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒன்றில் ஒன்று ஏறுவதுபோல ஏறும், இறுக்கினால் ஒழுகும். உங்கள் படகு எந்த நாட்டில் கட்டியது, எதில் எந்த மரை என்பதைக் கிளம்புவதற்கு முன்னாலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

புது ஷாஃப்டைக் கடைந்து மாட்டியாயிற்று. அதை எஞ்சினோடு இணைக்கும் கப்ளிங்கை முடுக்கிவிட்டுக் கிளம்பலாம் என்று நான் பறந்தேன். பெரியவர் மறுத்துவிட்டார். கரையில் முட்டுக்கட்டை மேல் நிற்கிற படகுக்கு ஒரு வடிவம், தண்ணீரில் மிதக்கிற படகுக்கு வேறு வடிவம். இறக்கி, இரண்டு நாள் மிதக்கவிட்டு, அதன் பிறகுதான் எஞ்சினையும் ஷாஃப்டையும் ஒரே கோட்டில் நிறுத்தினார். கப்ளிங்கின் இரண்டு முகங்களுக்கும் நடுவே ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டைச் செருகி மேலே, கீழே, இடம், வலம் என்று பார்த்தார். கப்ளிங்கின் குறுக்களவில் ஒவ்வோர் அங்குலத்துக்கும், ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை விலகலாம் என்பது தொழிலில் வழங்கும் கணக்கு. எங்கள் 4 அங்குலக் கப்ளிங்குக்கு அது 0.1 மில்லிமீட்டர், ஒரு தாள் கனம். எஞ்சின் மவுண்டிங் நட்டைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்பித் திருப்பி அரைநாள் எடுத்துக்கொண்டார். நான் டார்ச் பிடித்தேன். காசு கொடுக்கிறவன் டார்ச் பிடிப்பதா என்று யோசிக்காதீர்கள். பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் அடுத்த தடவை ஆளில்லாத தீவில் நாமே செய்ய முடியும்.

இனி, நல்ல ஆளை எங்கே தேடுவது? மெரினா ஆபீஸில் கிடைக்கும் விசிட்டிங் கார்டை மட்டும் நம்பாதீர்கள். மீன்பிடிப் படகுகள் எங்கே கட்டியிருக்கின்றனவோ அங்கே நடந்து போங்கள். அவர்களுக்கு எஞ்சின் நின்றால் அன்றைக்குச் சோறு நின்றுபோகும். அதனால் நல்ல மெக்கானிக்கும் நல்ல லேத் பட்டறையும் மீன் நாற்றத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும். யன்மார் மாதிரி மீனவர்களும் வைத்திருக்கும் எஞ்சின் உங்களிடம் இருந்தால் பாதிக் கவலை போனது. அபூர்வமான எஞ்சின் என்றால் இம்பெல்லர், பெல்ட், ஃபில்டர், கேஸ்கெட், கிளாண்ட் கயிறு, துத்தநாகக் கட்டி எல்லாம் இரண்டிரண்டு கையிருப்பில் இருக்கட்டும்.

நாள் கணக்கும் முக்கியம். லங்காவி இருக்கும் கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். இருபது முப்பது மைல் தள்ளி, தாய்லாந்தில் சனியும் ஞாயிறும். வியாழன் மாலை இங்கே ஆபீஸ் மூடியபின் வந்து மாட்டினால் ஞாயிறு வரை காத்திருக்க வேண்டும். ஏப்ரல் நடுவில் சொங்கிரான் பண்டிகை வந்தால் தாய்லாந்துப் பட்டறையில் ஸ்பேனர் பிடிக்க ஆள் கிடைக்காது. ஹரிராயாவும் சீனப் புத்தாண்டும் அப்படியே. தென்மேற்குப் பருவ மழையில் பெயின்ட் வேலையை ஆரம்பித்தால் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து வானத்தையே பார்க்க வேண்டியிருக்கும். பட்டறைக்காரர் ‘ஏசோக்’ என்றால் நாளைக்கு என்று அர்த்தம். நம் ஊர்த் தையற்காரர் சொல்லும் அதே ‘நாளைக்கு’தான். ஆகவே கோபம் வேண்டாம், பழகிய சொல்தானே.

வெளிநாட்டிலிருந்து உதிரிபாகம் வரவழைத்தால், அது கடந்துசெல்லும் படகுக்கானது என்பதையும் படகின் பேரையும் பார்சல் மேலேயே எழுதச் சொல்லுங்கள். அனுப்பும் முன் அந்த ஊர்ச் சுங்க விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். லங்காவி 1987 முதல் வரியில்லாத் தீவு. படகுக்காரர்கள் பலர் சாமான்களை இங்கே வரவழைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் விசா முடியும் தேதியும் படகின் அனுமதி முடியும் தேதியும் வேறு வேறு. இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதிக் கண்ணுக்கு எதிரே ஒட்டிவையுங்கள். பழுது இழுத்துக்கொண்டே போகும்போது முதலில் மறப்பது அதைத்தான்.

படகு கரையேறியிருக்கும்போது கூடவே மூன்றைப் பார்த்துவிடுங்கள். ஒன்று, துத்தநாகக் கட்டிகள். மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தான் கரைவதே அதன் பிழைப்பு; பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள், கரையவே இல்லையென்றால் இன்னும் கவலைப்படுங்கள், அது வேலை செய்யவில்லை. இரண்டு, கடல்நீர் வால்வுகள். சுரண்டிப் பார்த்தால் மஞ்சளாக மின்ன வேண்டும். செம்பு மாதிரி இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் உலோகத்திலிருந்து துத்தநாகம் கழன்றுவிட்டது, ஒரு தட்டுத் தட்டினால் உடையும். மூன்று, பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கம்பிகள் முனையில் நுழையும் இடம். அங்கே ஒரு இழை அறுந்திருந்தாலும் அந்தக் கம்பிக்கு ஆயுள் முடிந்தது.

காசு விஷயம். சாமானுக்கு முன்பணம் கொடுங்கள், கூலியை வேலை முடிய முடியக் கொடுங்கள். மொத்தக் கூலியையும் முன்னாலேயே கொடுத்துவிட்டு, வேறொரு வேலையில், ஒரு பண்டிகை முழுக்க ஒருவரைத் தேடி அலைந்த அனுபவம் எனக்கு உண்டு. பேர் வேண்டாம். தப்பு பாதி என்னுடையது.

அதே நேரத்தில் பேரம் என்ற பேரில் மனுஷரைச் சின்னவராக்காதீர்கள். தாய்லாந்தில் கைத்தொழில் தெரிந்தவரைச் ‘சாங்’ என்பார்கள். பேருக்கு முன்னால் அதைச் சேர்த்துக் கூப்பிடுங்கள், முகம் மாறும். மலேசியாவில் வயதுக்கேற்ப ‘அபாங்’, ‘பாக்சிக்’. யார்டில் படகின் அடிப்பாகத்தைச் சுரண்டித் தேய்க்கிறவர்களைப் பாருங்கள். நான் பார்த்தவர்களில் பலர் பர்மாவிலிருந்து வந்த சின்னப் பையன்கள். கொட்டலசும் பாசியும் பிடிக்காமல் இருக்க நாம் அடிக்கும் பெயின்ட் உயிர்களைக் கொல்வதற்கென்றே செம்பு சேர்த்துச் செய்தது. அந்தத் தூளை முகத்தில் ஒரு துணியை மட்டும் கட்டிக்கொண்டு மூச்சில் இழுக்கிறார்கள். தண்ணீர் தெளித்துத் தேய்க்கச் சொல்லுங்கள். நல்ல முகமூடி பத்து வாங்கிப் படகில் வைத்துக்கொள்ளுங்கள், வேலை ஆரம்பிக்கும் முன் உங்கள் கையாலேயே கொடுங்கள். ‘இங்கே கூலி மலிவு’ என்று சொல்லிக்கொண்டே நாம் இந்தக் கரைக்கு வருகிறோம். அந்த மலிவுக்கு அவர்களுடைய நுரையீரலும் விலையாகப் போக வேண்டாம்.

போன வாரம் லங்காவிக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அந்த இளைய மெக்கானிக்கைத் தேடிப் போனேன். ஊரெல்லாம் அவரைப் பற்றிக் குறை சொன்னவன் ஆயிற்றே. தே தாரிக் வாங்கிக் கொடுத்து, ஷாஃப்ட் வளைந்திருந்த கதையைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

“அன்றைக்கே எனக்குச் சந்தேகம்தான், அங்கிள். கையில் சுற்றிப் பார்த்தபோது ஓர் இடத்தில் இறுக்கமாக இருந்தது” என்றார்.

“ஏன் சொல்லவில்லை?”

கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “நீங்கள் கயிறு மட்டும் போடச் சொன்னீர்கள்.”

சாக்குக்கட்டித் துண்டு ஒன்று இப்போது என் டூல் பெட்டியில் கிடக்கிறது. அதைவிட முக்கியமாக, நோட்டின் முதல் பக்கத்தில் அந்த மலாய்க் கேள்வியைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த மெக்கானிக் ஏணியில் ஏறிவரும்போது, வாயைத் திறப்பதற்கு முன் அதை ஒருமுறை நானே படித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக.

நாளைக் காலை நங்கூரம் எடுக்கிறோம். எஞ்சின் ஓடும்போது நிமிஷத்துக்கு இரண்டு மூன்று சொட்டு, நின்றதும் ஒன்றுமில்லை. டம்ளர் அங்கேயே இருக்கட்டும்.

அன்புடன்,
குவா துறையிலிருந்து, உங்கள் படகுக்கார நண்பன்